இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்

அக்கா,

பிள்ளைகள் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் பொறுக்காது. பேத்தி மிஷன் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். நடுப்பேரன் வத்தலக்குண்டுக்கு பஸ் ஓட்டுகிறான். அத்தனை வளைவிலும் அவன் வண்டியில் ஒருவருக்கும் வாந்தி வராதாம். மூத்தவன் முனிசிபாலிட்டியில் ஓவர்சியர் ஆகிவிட்டான். மழையில் சேதமான வீடுகளை அளந்துவிட்டு நேற்று வந்தவன் மேலெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசம். உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நாம் இளம் மருமகள்களாக இருந்தபோது அடித்த புயலில் என் வீட்டு முன்சுவரும் மேற்குச் சுவரும் சரிந்தன. பின்சுவரும், உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரும்தான் மிச்சம். அந்த நடுச்சுவருக்காக நாம் போட்ட சண்டை பஜார் முழுக்கத் தெரியும். என் மாமனார் வைத்த கல் என்பேன் நான். உங்கள் மாமனார் குழைத்த மண் என்பீர்கள் நீங்கள். பூண்டுச் சரம் தொங்கவிட நீங்கள் ஆணி அடித்தால் அன்றைக்குச் சமையல் தாமதம்தான்.

அப்போதிருந்த ஓவர்சியர் வந்தார். பாதிச் சுவர் நின்றால் வீட்டை அங்கேயே பழுது பார்க்கலாம். குறைந்தால் மிச்சத்தையும் இடித்து, தெருவை விட்டுத் தள்ளிக் கட்ட வேண்டும் என்றார். தள்ளிக் கட்ட எனக்கு ஏது இடம்? பின்னால் பள்ளம், அதற்குக் கீழே ஓடை. அடுப்படி ஓடையில்தான் இருந்திருக்கும். நடுச்சுவரைச் சேர்த்தால் பாதி நிற்கிறது. சேர்க்காவிட்டால் வீடே போச்சு.

யார் சுவர் என்று கேட்டார். உங்கள் வீட்டு அண்ணன் வாயைத் திறந்தார். முக்காட்டை இழுத்துவிட்டபடி நீங்கள் முன்னால் வந்து, "நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு ஓவர்சியர் பக்கம் திரும்பினீர்கள்.

"அது அவ வீட்டுச் செவருங்க. நாங்கதான் வம்புக்குக் கேட்டுக்கிட்டுக் கெடந்தோம்."

எதிர்க்கடைக்காரர் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் மற்ற மூன்று சுவரும் அசையவில்லை, சட்டத்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் ஊர் முன்னால் ஒருமுறை விட்டுக்கொடுத்த சுவரைத் திரும்பக் கேட்க முடியாது என்று உங்களுக்குத் தெரியாதா? பழுது பார்க்கலாம் என்று உத்தரவாகிவிட்டது.

புது ஓடு போட்டு நான் குடிவந்த அன்றே உங்கள் பக்கம் டொக் டொக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தேன்.

"என்ன பாக்குற? செவரு ஒன்னுது, ஆணி என்னுது. போயி சோலியப் பாரு புள்ள."

நீங்கள் கண்மூடிய பிறகும் வெள்ளையடிக்க ஆள் வந்தால் உங்கள் பக்கத்தைத்தான் முதலில் அடிக்கச் சொல்கிறேன். யாராவது முறைத்துக்கொண்டு வந்தால், விட்டுக்கொடுக்கப் போகிறார்களோ என்று இன்றைக்கும் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கிறேன். அது உங்களால் வந்த பழக்கம்.

இந்தக் கடிதத்தைப் பண்ணைக்காட்டிலிருக்கும் உங்கள் மகளுக்குத்தான் போடுகிறேன். உங்களை நினைத்துப் படிப்பாள். அவள் பேரன் நடக்கத் தொடங்கிவிட்டானாம். என்னிடம் இருப்பது தொட்டில் படம். நிற்கிற மாதிரி புதுப் படம் ஒன்று எடுத்து வெரசா தபாலில் போடச் சொல்லுங்கள், அக்கா. முகத்தில் உங்கள் பிடிவாதம் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.