தங்கபுஷ்பம் வரைந்த அய்யாதுரை

தி.நகர்,
18.06.2024

தங்கபுஷ்பத்துக்கு,

நான் நலம். உன் நலத்தைப் பிள்ளையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் நான் கத்துகிறேனாம், இனிமேல் எதுவானாலும் கடிதமாக எழுதச் சொல் என்று அஸ்வினிடம் சொல்லிவிட்டாயாம். சரி. பில் புத்தகம் தவிர வேறெதிலும் பேனா வைத்து எத்தனையோ வருஷமாகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று அஸ்வினோடு படித்த ராகேஷ் கடைக்கு வந்தான். போனில் ஒரு வீடியோ காட்டினான். பெசன்ட் நகர் பீச்சில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் முகத்தைப் பென்சிலில் வரைந்துகொண்டிருக்கிறாய். சுற்றிலும் கூட்டம். "ஆன்ட்டி சூப்பரா வரையறாங்க அங்கிள்" என்கிறான். பாத்திரக்கடை அய்யாதுரை பெண்டாட்டி பீச்சில் படம் போட்டுப் பிழைக்கிறாள் என்று நாலு பேர் பேச மாட்டார்களா? கல்யாணமான புதிதில் விட்ட பென்சிலை இந்த வயதில் எதற்குத் தொட வேண்டும்?

அஸ்வின் கனடா போய்விட்டான், அவன் வீடு பூட்டிக் கிடக்கிறது, பத்து நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அடையாறு போனவள் நீ. ஒன்றரை வருஷம் ஆகிறது. மார்ச்சில் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆன அன்றே ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போய்விட்டாய். மெஸ் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆடி பிறப்பதற்குள் வீட்டுக்கு வந்து சேர்.

இப்படிக்கு,
அய்யாதுரை


அடையாறு,
26.06.2024

அஸ்வின் அப்பாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. எழுத்திலும் கொஞ்சம் கத்தத்தான் செய்கிறீர்கள், பரவாயில்லை.

நான் படம் போட்டுப் பிழைக்கவில்லை. யாரிடமும் காசு வாங்குவதில்லை. ராகேஷ் காட்டிய வீடியோவில் இருப்பவள் சுண்டல் விற்கிற குல்சும். படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, என் மூக்கு இவ்ளோ பெர்சாவா கீது?" என்று சண்டைக்கு வந்தாள். பிறகு அவளே சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

எதற்குத் தொட வேண்டும் என்கிறீர்களே, ஏன் விட்டேன் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? வந்த புதிதில் உங்கள் அம்மா, உங்கள் தங்கை, கடை ஆட்கள் என்று எல்லோரையும் வரைந்து வைத்திருந்தேன். ஒருநாள் அத்தை அவற்றையெல்லாம் சமையலறை அலமாரியில் விரித்து, மேலே எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கிவிட்டார்கள். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "தாள் நல்ல கெட்டி, ரொம்ப நாள் உழைக்கும்" என்றீர்கள். அத்தை மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கண்ணுக்கு அது தாள். உங்களுக்கும் தாள்தானா என்றுதான் அன்றைக்குப் பென்சிலை மூட்டை கட்டினேன்.

இங்கே வந்து மறுபடி எடுத்தபோது கை சுத்தமாக மறந்திருந்தது. வரைந்த கண்ணெல்லாம் வறுத்த முந்திரி மாதிரி இருந்தது. ஒரு காது ஒழுங்காக வர மாதக்கணக்கானது. அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகும்.

போன வாரம் உங்கள் முகத்தை நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். வரவில்லை. சாப்பிடக் குனிந்த நெற்றி வருகிறது, பேப்பர் பிடித்த கை வருகிறது, முகம் வரவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து என் எதிரில் உட்காருங்கள். போனை வெளியே வைத்துவிட வேண்டும். இரண்டு பேரும் பேசக் கூடாது. வரைந்து முடித்ததும், வீட்டுக்கு வருகிறேனா இல்லையா என்று சொல்கிறேன்.

தங்கபுஷ்பம்


தி.நகர்,
23.07.2024

அன்புள்ள புஷ்பம்,

மூன்று ஞாயிறும் வந்துவிட்டேன். படத்தைக் கடைசி வரை காட்டவில்லை நீ, போகட்டும். முதல் வாரம் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாவது வாரம் தலைக்கு மை போட்டு வந்ததற்கு, பேசக் கூடாது என்றவளே, "இப்ப முடியை முழுசா அழிச்சு வரையணும்" என்று திட்டினாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதே. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் பாத்திரத்தைப் பார்ப்பார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பார். நீ கண் எடுக்காமல் என்னையே பார்த்தாய். கூச்சமாகக்கூட இருந்தது. கடைசி ஞாயிறு வீட்டுக்கு வந்து அழுதேன். பாசம் இல்லாமல் ஒருத்தியால் அப்படிப் பார்க்க முடியாது. நீ வாய் திறந்து சொல்லவே வேண்டாம், பதில் எனக்குக் கிடைத்துவிட்டது.

மாடி அறையில் கிடந்த குக்கர் பெட்டிகளைக் குடோனுக்கு அனுப்பிவிட்டு வெள்ளையடித்துவிட்டேன். ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம். அங்கே உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் வரை. அலமாரி விஷயம் எனக்கு ஞாபகமே இல்லை. நீ சொன்னால் நடந்துதான் இருக்கும். ஆடி கழிந்ததும் கார் அனுப்புகிறேன்.

உன்,
அய்யாதுரை


அடையாறு,
02.08.2024

அஸ்வின் அப்பாவுக்கு,

படத்தைக் கூரியரில் தனியாக அனுப்பியிருக்கிறேன். பென்சில் கரி ஒட்டும், கை படாமல் பிரியுங்கள். இதுவரை வரைந்ததிலேயே சரியாக வந்தது இதுதான். இடது புருவத்துக்குள் தையல் போட்ட தழும்பு இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. எப்படி வந்தது என்று கேட்க வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டேன். மெஸ்ஸில் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், முகம் ஊதியிருக்கிறது.

நான் பார்த்ததைப் பாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு நானும் அழுதேன். அது பாசம் இல்லை. முகம் வரைகிற யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். குல்சுமையும் அப்படித்தான் பார்த்தேன்.

ஆனால் எனக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. யாரை வரைந்தாலும், படம் முடிவதற்குள் அந்த ஆள் மேல் ஒரு பிரியம் வந்துவிடும். மாடி வீட்டு ஜெயபாரதி தண்ணீர் மோட்டாருக்காகத் தினமும் என்னோடு மல்லுக்கு நிற்பவள். அவளை வரைந்த அன்றைக்கு நானே மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நம்பித்தான் உங்களை உட்கார வைத்தேன். உங்கள் மேலும் அது வந்துவிட்டால் பேசாமல் பெட்டியைக் கட்டிவிடலாம் என்றிருந்தேன். உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

முதல் வாரம் அந்தப் பிரியம் வரவில்லை. இரண்டாவது வாரம் மை போட்ட தலையைப் பார்த்துப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்து ஒரு வீட்டில் எவ்வளவு நாள் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும், இருந்து பார்த்தவள் நான். கடைசி வாரம் முகம் முடிந்துவிட்டது. எழுந்துவிடச் சொல்ல மனசில்லாமல் சட்டைக் காலரை வரைந்தேன், பொத்தானுக்கெல்லாம் நிழல் போட்டேன். அப்போதும் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூட வந்து உங்களோடு சண்டை போட்டுக்கொண்டாவது இருந்திருப்பேன். அதுவும் வரவில்லை.

கார் அனுப்ப வேண்டாம்.

தங்கபுஷ்பம்