பகலில் பூத்த சீமை அல்லி

அக்கா,

இன்று காலை அல்லித் தொட்டியைக் கலைத்தேன். பேத்தி ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மொட்டை மாடியில் வைக்க ஒரு கிழங்கு வேண்டும் என்று போனில் கேட்டாள். நம் குடும்பத்தில் முதல்முதலாக மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் கேட்டால் இல்லை என்பேனா? கிழங்கைச் சேற்றோடு வெளியே எடுத்து, முளை பார்த்து மூன்றாக அறுத்தேன். அப்புறம் மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் வாசனை போகவில்லை. “என்னங்கத்த, ஏரியே வூட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்குது” என்று மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ நீங்கள் கால் கட்டோடு படுத்திருந்த கயிற்றுக் கட்டில் கண்ணில் வந்து நின்றது.

அது எண்பதுகளின் நடுவில். என் சின்னவன் பால்வாடிக்குப் போகத் தொடங்கிய வருடம். பின்கட்டுச் சுவர் வைக்க மண் குழைத்த குழி அப்படியே கிடந்தது. பெங்களூரில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்த உங்கள் வீட்டுக்காரர், லீவில் வந்தபோது அதற்குச் சிமெண்ட் பூசினார். சிமெண்ட் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டுப் பத்து நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றினார். அடுத்த தடவை வந்தபோது ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு கிழங்கு கொண்டுவந்தார். பங்களாக் குளத்தில் அடர்ந்துபோய் எடுத்தெறிந்ததாம். சீமை அல்லி என்றார்.

“படுக்க வெச்சு நடணும். முளை மண்ணுக்கு மேல தெரியணும். சாணி எருவு ஆவாது, ஏரிக் களிமண்ணு போதும்” என்று சொல்லிவிட்டு மாரண்டஹள்ளி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஓரகத்திகள் நாம் ஆளுக்கொரு கிழங்காக எடுத்துக்கொண்டோம். எரு போடாமல் எது வளரும் என்று நான் இரண்டு கை சாணியைச் சேர்த்து, வாழைக்கட்டையைப் புதைக்கிற மாதிரி ஆழமாகப் புதைத்தேன். எட்டாம் நாள் அது நாறிப்போய் மிதந்தது. நீங்கள் அவர் சொன்னபடியே செய்தீர்கள். கிழங்கு நட்ட சட்டியைச் செங்கல் மேல் வைத்துக் குழித் தண்ணீருக்குள் இறக்கி, இலை மேலே வர வர ஒவ்வொரு கல்லாக உருவினீர்கள். இலை மிதந்தது உங்கள் சட்டியில்தான். எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மொட்டு வருவதற்குள் நீங்கள் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தீர்கள். தொடை எலும்பு முறிந்தது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மூன்று மாதம் கால் தரையில் படக் கூடாது என்றார். படுத்துப் படுத்துச் சலித்துப்போய், பகலில் கட்டிலைக் குழியோரம் முருங்கை நிழலில் போடச் சொன்னீர்கள். உங்கள் பங்கு வேலையும் என் தலையில் விழுந்தது. தக்காளி பறிப்பு நேரம். வெயில் ஏறுவதற்கு முன்னால் காட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவேன். அத்தை ஆடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பகல் முழுக்க அந்தக் கொல்லையில் நீங்கள் மட்டும்தான்.

ஒரு சாயங்காலம் சொன்னீர்கள்: “அல்லி பூத்துச்சு புள்ள. ரோஸ் கலரு. தட்டு வெச்ச மாதிரி தண்ணி மேலயே ஒக்காந்திருந்துச்சு.”

போய்ப் பார்த்தேன். மொட்டு கூம்பியே இருந்தது.

“எங்கக்கா பூத்துச்சு? மொட்டாத்தான இருக்குது?”

“அது மூடிக்கிட்ட பூவு. நேத்து மொட்டு வேற, இது வேற. உத்துப் பாரு.”

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதை உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. தாமரை சூரியனைப் பார்த்து விரியும், அல்லி நிலாவைப் பார்த்து விரியும் என்று வாத்தியார் எங்களை எழுப்பி நிறுத்திச் சொல்ல வைத்திருக்கிறார். அதை அப்படியே உங்களிடம் ஒப்பித்தேன். “நீ படிச்ச அல்லி வேறயா இருக்கும்” என்றீர்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் என் பாடத்தைத் தப்பு என்கிறாரே என்று எனக்குக் கோபம். அன்று சாப்பிட்ட பிறகும் லாந்தரை எடுத்துப்போய்ப் பார்த்தேன். மொட்டு அசையவில்லை. “கசாயம் குடிச்சுக் குடிச்சுக் கண்ணு கட்டுது உங்களுக்கு” என்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அதோடு விட்டிருக்கலாம். தக்காளிக் காட்டில் சிரிப்புக்காகச் சொன்னேன், எங்கக்காவுக்குப் பகலில் அல்லி பூக்கிறது என்று. பறிக்க வந்தவர்களுக்கு வாயில் போட்டு மெல்ல அது போதும். “இன்னிக்கி எத்தினி பூ பூத்துச்சாம்?” என்று ஒருத்தி. “ராவுல சூரியன் வந்துச்சான்னு கேட்டுட்டு வா” என்று இன்னொருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன். பத்து நாளில் அது ஆடு மேய்க்கிற இடத்துக்குப் போய் அத்தை காதில் விழுந்தபோது பேச்சு மாறியிருந்தது. மூத்த மருமகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கிணற்றடியில் எதையோ பார்த்துப் பயந்துதான் விழுந்திருக்கிறாள் என்று ஆகிவிட்டது.

அந்த வாரம் நீங்கள் என்னைக் கூப்பிட்டுப் பெங்களூருக்கு ஒரு லெட்டர் எழுதச் சொன்னீர்கள். உங்களுக்கு எழுத வராது, எப்போதும் நான்தான் எழுதுவேன். கால் வலி குறைந்திருக்கிறது, பெரியவனுக்குச் சட்டை வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “அல்லி பகல்ல பூக்குமா, ராவுல பூக்குமான்னு கேட்டு எழுது. அவரு சொன்னா எல்லாரும் நம்புவாங்க” என்றீர்கள். எல்லாவற்றையும் எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. அவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார், எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுதியதைப் படித்துக் காட்டும்போது, அந்த வரி இருக்கிற மாதிரியே சேர்த்துப் படித்தேன்.

பதில் வந்தது. அல்லியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. “வேல அலுப்புல மறந்திருப்பாரு” என்றீர்கள்.

அத்தை முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை வாடகை வண்டியில் தீர்த்தமலைக்குக் கொண்டுபோய், மேலே கோயில் வரை தூக்கிப்போய்த் தீர்த்தம் விட்டால் தெளிந்துவிடுமாம். கட்டுப் போட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. அத்தனை படியும் நாலு பேர் தூக்கிப்போய்த் திரும்ப வந்தால் எலும்பு என்ன ஆகும்? வைத்தியர் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தை கேட்கவில்லை. நீங்கள் என்னிடம் ஒன்றுதான் சொன்னீர்கள்: “ஒரு நாளு வேலைக்குப் போவாத இருந்து பாரு புள்ள.” தக்காளி செடியிலேயே பழுத்துக் கொட்டுகிறது, எங்கே இருப்பது என்று போய்விட்டேன்.

புதன்கிழமை கூடை போதவில்லை. எடுத்து வரலாம் என்று உச்சிப்பொழுதில் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் முகத்தில் முந்தானையைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். குழியில் இரண்டு பூ. நீங்கள் சொன்ன ரோஸ் நிறம், தண்ணீரில் தட்டு வைத்த மாதிரி, நடுவில் மஞ்சள். ஒரு தேனீ உள்ளே போய்ப் போய் வந்தது. வெயில் நடுமண்டையில் அடித்தது. கூடையை எடுக்க வந்ததே மறந்து நின்றேன். வாத்தியார் சொன்னது நம் ஊர் ஏரி அல்லியை. இது வேறு ஜாதி. அவ்வளவுதான் விஷயம்.

உங்களை எழுப்ப எனக்கு மூஞ்சியில்லை. சாயங்காலம் அத்தை ஆட்டை அடைத்துவிட்டு வந்ததும் சொன்னேன்.

“மலைக்குப் போவ வேணாங்கத்த. அக்கா சொன்னது நெசந்தான். பகல்லதான் பூக்குது. நானே பார்த்தேன்.”

“நீதானடி இல்லேன்ன?”

“நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் ஆட்டை ஓட்டாமல் வீட்டிலேயே இருந்து தன் கண்ணாலும் பார்த்துக்கொண்டார். வண்டியை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். நீங்கள் என்னிடம் “கூடை கெடச்சுதா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

கட்டுப் பிரித்து நீங்கள் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தபோது உங்கள் வீட்டுக்காரர் லீவில் வந்தார். எல்லோரும் குழியோரம் களி தின்றுகொண்டிருந்தோம். அத்தை நடந்த கூத்தை எல்லாம் சொல்லி, “இந்தப் பூவு பகல்லதான் பூக்கும்னு முன்னமே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்று அவரைத் திட்டினார்.

“காலையில விரிஞ்சு மூணு மணிக்கெல்லாம் மூடிக்கும். பெங்களூர்ல கொழந்தைங்களுக்குக்கூடத் தெரியும்” என்று சிரித்தவர் உங்கள் பக்கம் திரும்பினார். “லெட்டர்ல ஒரு வரி கேட்டிருந்தா எழுதியிருப்பேனே. ஏன் கேக்கல?”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் இல்லை, ஒரு வாய் மெல்லுகிற நேரம்தான். படித்துக் காட்டியபோது அந்த வரியை உங்கள் காதால் கேட்டவர் நீங்கள். என்ன நடந்தது என்று அந்த நொடியில் உங்களுக்கு விளங்கிவிட்டது.

“நாந்தான் சொல்ல மறந்துட்டேன்” என்றீர்கள். பிறகு குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். சண்டை போட்டிருக்கிறோம், பேசாமல் இருந்திருக்கிறோம். எந்தச் சண்டையிலும் நீங்கள் அதை எடுக்கவில்லை. உங்கள் கண் மூடுகிறவரை நானும் அதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கவில்லை. பொய் சொல்கிறீர்கள் என்று ஊரையே உங்களைப் பார்த்துச் சிரிக்க வைத்தவள் நான். எனக்குத் தெரிந்து நீங்கள் சொன்ன ஒரே பொய் அது, எனக்காகச் சொன்னது. அதை நான்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன், அக்கா.