கிணற்றடி மண்ணணை

தென்காசி
22-7-81

அன்பு மகள் பேச்சியம்மாளுக்கு அப்பா எழுதுவது. அகமதாபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க முப்பிடாதி அம்மன் துணை. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அது பொய். இது யார் எழுத்து என்று யோசிப்பாய், எப்போதும் எழுதித் தருகிற யாக்கூப் பாய் எழுதியது இல்லை, நானே எழுதுகிறேன். மாலைப் பள்ளியில் ஆறு மாதம் படித்தேன். இதை எழுத மூன்று நாள் ஆகிறது, ஆனாலும் உன் பெயரை என் கையால் எழுதிப் பார்த்தபோது இந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தலைப்பிரசவத்துக்கு ஆவணியில் வந்து உன்னைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, அது வேண்டாம் அம்மா, நீ இங்கே வரக் கூடாது. நம் தெருக் கிணறு கெட்டுவிட்டது. அடுத்த வீட்டுப் பரமசிவனின் பதினொரு மாதக் குழந்தை வயிற்றுப்போக்கில் போன வாரம் இறந்துவிட்டது. உன் அம்மாவும் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், இப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். இதற்குக் காரணம் நான்தான்.

ஆனியில் நம் தெருவைத் தோண்டிப் புது ரோடு போட ஆரம்பித்தார்கள். மேட்டுப் பக்கம் செம்மண்ணும் ஜல்லியும் தார் டின்களும் குவித்தார்கள், சாக்கடையையும் உடைத்துப் போட்டார்கள். வருஷா வருஷம் சாரலுக்கு முன் வீட்டுக்கு ஒரு கூடை களிமண் போட்டுக் கிணற்றுக்கு மேற்கே அணை கட்டுவோமே, தெருத் தண்ணீர் அதில் முட்டித் திரும்பி ஓடைக்குப் போகும். அது ரோடு ரோலருக்கு இடைஞ்சல் என்று மேஸ்திரி சொன்னார், பெண்கள் எடுக்க விடவில்லை. அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து, அண்ணாச்சி, அணைக்குப் பதிலா மணல் மூட்டை அடுக்கித் தாரேன், தெருவுல நீங்கதான் படிச்ச ஆளு, ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும் என்றார். இத்தனை வருஷமும் கைநாட்டு வைத்த எனக்கு, அத்தனை பேர் நடுவில் பேனாவை நீட்டியதும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் தேடி அழகாகப் போட்டேன். யாக்கூப் பாய்கூடக் கைதட்டினார்.

அணையை எடுத்தார்கள், மூட்டை வரவில்லை. ஐந்தாம் நாள் சாரல் இறங்கியது. குற்றாலத்தில் அருவி கொட்டுது என்று ஜனங்கள் பஸ் பஸ்ஸாகப் போனார்கள், இங்கே தெருவில் ஓடியதெல்லாம் கிணற்றுக்குள் கொட்டியது. புதுத் தண்ணீர் சிவப்பாகத்தானே வரும், சிற்றாறும் அப்படித்தானே என்று நாங்கள் வேட்டியில் வடிகட்டிக் குடித்தோம். சாக்கடையும் அதில் கலந்திருந்தது தெரியவில்லை.

குழந்தையைப் புதைத்த மறுநாள் தெருவார் திரண்டு நியாயம் கேட்டபோது மேஸ்திரி அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். யாக்கூப் பாய் படிக்கக் கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை, நானே எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். தெருவார் சம்மதத்தின் பேரில் அணை அகற்றப்படுகிறது, மழைநீர் கிணற்றில் சேர்ந்தால் காண்டிராக்டர் பொறுப்பில்லை என்று இருந்தது. கீழே என் பெயர். படிச்ச மூஞ்சியப் பாரு, அந்தத் தாளக் கொண்டாந்து கெணத்த மூடுங்க என்று உன் அம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள். பரமசிவன் என் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார், அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது கிணற்றை இறைத்துப் பவுடர் போட்டிருக்கிறார்கள், ஒரு மாதம் குடிக்கக் கூடாதாம். அணையைத் திரும்பவும் நானே கட்டுகிறேன். பரமசிவன் வீட்டுக் கூடை மண்ணையும் நானே சுமந்து போட்டேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அம்மாவுக்குத் தெம்பு வந்ததும் அங்கே அனுப்புகிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. மில்லில் எந்தத் தாளை நீட்டினாலும் முழுக்கப் படிக்காமல் மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டாம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, தீர்க்காயுசாக இருக்கட்டும். மேலே எழுதியதையெல்லாம் முதலிலிருந்து ஒரு முறை படித்துவிட்டேன். எல்லாம் உண்மை. அதனால் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அப்பா
பலவேசம்