மூன்று பிரிவும் ஒரு சின்னக் கையும்

ஜூன் 3

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக் கூட்டத்தில் நான் தூங்கிவிட்டேன் என்றும், விழித்ததும் எதையாவது எதிர்க்க வேண்டுமே என்று உங்கள் ஆராய்ச்சியை எதிர்த்தேன் என்றும் மருத்துவமனையில் பேசிக்கொள்கிறார்களாம். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நரம்பு டாக்டர் திரையில் காட்டிய படங்களைப் பார்ப்பதற்கு அது மேல்.

இருதயம், சிறுநீரகம், நரம்பு மூன்று பிரிவும் கைகோத்துச் செய்யும் ஆராய்ச்சி என்று உங்களுக்குப் பெருமை. கைகோத்த லட்சணத்தை வார்டில் பார்த்தேன். ஏழாம் படுக்கைக் குழந்தையிடம் உங்கள் இருதயப் பிரிவு ஆள் வந்து ரத்தம் எடுத்தார். பிறகு சிறுநீரகத்து ஆள். பிறகு நரம்பு. ஒருவர் எடுத்ததை மற்றவர் தொடமாட்டாராம். தனித்தனி அடுப்பு வைக்கும் ஓரகத்திகள்கூட ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார்கள்.

கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றுதான். இது சிகிச்சை அல்ல, ஆராய்ச்சி. வேண்டாம் என்று சொல்லலாம் என்று அந்தக் குழந்தையின் தாயிடம் யார் சொன்னது? நீங்கள் சிறுநீரக டாக்டரைப் பார்த்தீர்கள். அவர் நரம்பு டாக்டரைப் பார்த்தார். நரம்பு டாக்டர் உங்களைப் பார்த்தார். அப்போது என் கண் நன்றாகத் திறந்திருந்தது. அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆசிரியரின் மனைவி


ஜூன் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். தூங்கினீர்கள் என்று நான் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னபோது சிரித்தேன், அது தப்புதான்.

இந்தக் குழந்தைகளுக்கு இருதயம், சிறுநீரகம், நரம்பு மூன்றும் சேர்ந்து பழுதாகிறது. ஏன் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மூன்று பிரிவையும் ஒரே மேசையில் உட்காரவைக்க நான் பட்ட பாட்டைப் பார்க்க சார் இன்று இருந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

ஏழாம் படுக்கை அம்மா இதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. விளக்கினாலும் அவர்களுக்குப் புரியாது, அம்மா. அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அலைச்சல் முடியவில்லை என்றால் கௌரவ உறுப்பினராக வீட்டிலிருந்தே இருக்கலாம். ஞாயிறு வழக்கம்போல் சாப்பிட வருகிறேன். நேரில் பேசுவோம்.

உங்கள் பிள்ளை மாதிரி,
டாக்டர்


ஜூன் 9

இருதயப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

ஞாயிறு வர வேண்டாம். நேரில் வந்தால் நீங்கள் சிரித்துச் சமாளிப்பீர்கள். நானும் இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

விளக்கினாலும் புரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று ஏழாம் படுக்கைக்குப் போய் விளக்கினேன். தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"வேண்டாம்னு சொன்னா பெட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களாம்மா?" என்று அந்தத் தாய் கேட்டாள். இத்தனை நாள் அவள் வாயை அடைத்திருந்தது அதுதான். சம்மதம் என்று நீங்கள் வைத்திருந்த பெயரும் அதற்குத்தான். அப்படிச் சொல்லமாட்டார்கள் என்றேன். குழந்தையின் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

"அப்போ வேண்டாம்மா. குத்த வரும்போதெல்லாம் நான்தானே இவ கையை அழுத்திப் பிடிக்கிறேன். இப்போ நான் தூக்கப் போனாலே கையை மறைச்சுக்கிறா."

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுத் தொடுங்கள், ஒரு முறை எடுத்ததை மூவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் ஆறு வயதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். அதுவரை என் கையெழுத்து இல்லை. கௌரவப் பதவியை நரம்பு டாக்டருக்குக் கொடுங்கள், வீட்டிலிருந்தே படம் காட்டட்டும். என் கணவர் தட்டிக்கொடுத்திருப்பார் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

அந்தத் தாய்க்கு உங்கள் சார்பில் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அது காப்பாற்றப்படுமா என்று எனக்கே தெரியவில்லை. அதைவிடக் கேவலமாக உங்களைப் பற்றி நான் எதுவும் எழுத முடியாது. படுக்கை, மருந்து, நீங்கள் பார்க்க வரும் நேரம் எதுவும் குறையாது என்று அவளுக்குக் கையெழுத்திட்டு எழுதிக்கொடுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியும்.

கொடுத்தீர்களா, இல்லையா என்று எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பொதுமக்கள் சார்பு உறுப்பினர், நெறிமுறைக் குழு