மதியத்துக்கு மேல் எந்த அறை

பழைய கோப்பிலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. பென்சிலில் மூன்று குச்சி மனிதர்கள். முதலாளி, மேலாளர், தொழிலாளி. மூன்றாவதற்கு மட்டும் நீ கொண்டை போட்டிருந்தாய்.

கல்லூரிக் கடைசி வருடத் திட்டப்பணி. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. எந்த அறையில் யார் இருக்கிறார் என்று காட்டும் கணினி வரப்போகிறது. அதை யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று நாம் எழுத வேண்டும். "இன்னும் வராத ஒண்ணுக்குள்ள நடமாடப் போறோம் பிள்ள" என்றாய். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

காலையில் பெயரும் அறையும் பதிவாகும். திரை காட்டும். நாம் முதலில் எழுதியது ஒரே பக்கம். மேலாளருக்குத் திருப்தி.

"தொழிலாளியக் கேக்கவே இல்லையே" என்று நீ எழுந்தாய்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மருந்து அடைக்கும் அறைக்குள் போனோம். முத்துமாரியக்கா நிமிராமலே பேசினார்.

"காலையில இங்கன. எஞ் சோலி முடிஞ்சா மத்தியானம் நாத்துனா அறைக்குப் போயிருவேன். அவளுக்குக் கை ஓடாது."

"கம்ப்யூட்டர் நீங்க இங்கனதான் இருக்கீகன்னு சொல்லுமே?" என்றேன்.

"சொல்லட்டும் தாயி. எஞ் செருப்பும் இங்கனதான கெடக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டுக் கேட்டாய்: "தீப்பிடிச்சா எங்க தேடுவாக?"

சிரிப்பு நின்றது. மூலையிலிருந்த அக்கா மெல்லச் சொன்னார்: "போன தடவ தீப்பிடிச்சப்ப முத்துமாரி வீட்டுக்காரரு செருப்பு கெடந்த அறை வாசல்லதான் நின்னு கத்துனாரு. இவ அந்தப் பக்கம் புகைக்குள்ள கெடந்தா."

அந்த ஒரே பக்கத்தைக் கிழித்தோம். திண்டாடி, சண்டை போட்டு, மறுபடி எழுதினோம். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு வில்லை. எந்த அறைக்குள் போனாலும் அந்த அறை வாசலில் மாட்ட வேண்டும். மேற்பார்வையாளர் மணிக்கொரு முறை பார்த்துக் கணினியில் மாற்றுவார்.

மேலாளர் படித்ததும் முகம் கறுத்தது. "அறை மாறவே கூடாதுங்கறது விதி. இத எழுதிக் குடுத்தா நான்ல மாட்டுவேன்? அடிச்சிருங்கம்மா."

"அடிச்சிட்டா அவுக மாறாம இருப்பாகளா சார்?" என்று நீ கேட்டாய்.

அவர் எழுந்தார். ஜன்னல் வழியே அறைகளைப் பார்த்தபடி நின்றார். தாளை மறுபடி எடுத்தார்.

"வில்ல இரும்புல வேண்டாம். பொறி வரும். மரத்துல செய்யச் சொல்லுவோம்."

பேருந்து நிலையம் வரை ஓடினோம். ஏன் ஓடினோம்? பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

அடுத்த வருடமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

சென்னையில் இப்போது, கணினியை யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று எழுதுவதுதான் என் வேலை. கண்ணாடி அறையில், பளபளக்கும் படங்களோடு யாராவது விளக்குவார்கள். பயனர் இதை அழுத்துவார், அது நடக்கும். நான் கையைத் தூக்குவேன். "மதியத்துக்கு மேல் அந்த ஆள் எங்கே இருப்பார்?"

சிரிப்பார்கள். பதில் வரும்வரை கையை இறக்குவதில்லை.