வளை தொட்ட தண்ணீர்

வாவிக்கரை, மட்டக்களப்பு
12.6.1971

அன்பு மகன் பேர்னாட்டுக்கு அப்பா இராயப்பு சொல்ல, அடுத்த வீட்டு இமெல்டா ரீச்சர் எழுதுவது.

நீ கேட்ட வெள்ளம், கார் நம்பரில் ஸ்ரீ எழுத்து ஏறிய வருஷத்து மார்கழியில் வந்தது. ரஷ்யாக்காரன் ஆகாயத்துக்கு நாயை அனுப்பியதும் அந்த வருஷம்தான். வாவி நிரம்பி வயலெல்லாம் அமிழ, ஆற்றுவாய் வெட்ட ஆம்பிளைகள் எல்லாரும் முகத்துவாரத்துக்குப் போனோம். மணல்மேட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிட்டால் ஊர் தப்பும். வெட்ட வெட்டக் கடல் மண்ணைத் திருப்பித் தள்ளியது. அதற்குள் நம் வீட்டில் தண்ணீர் கூரையைத் தாங்கும் வளை மரத்தைத் தொட்டுவிட்டது. நான் காணவில்லை. தோணியில் போன அப்துல் கபூர்தான் வந்து சொன்னான்: “மச்சான், வளைக்குக் கீழ ஒரு சாண் இடமில்ல.” உன் அம்மாவை வாவி கொண்டுபோனதும் அன்றைக்குத்தான்.

எந்த நாளில் ஆற்றுவாய் வெட்டவேணும் என்று நீ லண்டனில் கணக்குப் போடும் மெசின் சொல்லுமாமே? ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறேன்.

அப்பா

லண்டன்
3.8.1971

அன்புள்ள அப்பா,

சுகமாக இருக்கிறேன். வாவியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கொம்பியூட்டர் படிப்படியாகக் கணிக்கிறது. மற்ற இடங்களின் அளவுகள் எல்லாம் பொருந்துகின்றன. நம் வீட்டு அளவைச் சேர்த்தால் மட்டும் படிக்குப் படி பிழை பெருகிக் கணக்கே குலைகிறது. கொம்பியூட்டர் அங்கே சொல்வது இடுப்பளவுதான். நீங்களோ காணவில்லை. கண்ட ஒருவர் எழுதித் தந்தால் சேர்க்கலாம் என்றார் பேராசிரியர். அதனால் நம் வீட்டு அளவை எடுத்துவிட்டேன். இப்போது கணக்கு அழகாக ஓடுகிறது. கார்த்திகையில் பட்டம்.

வருத்தப்படாதீர்கள். வயதுபோனால் நினைவில் தண்ணீர் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

பேர்னாட்

வாவிக்கரை
30.8.1971

மகன் பேர்னாட்,

ரீச்சர் பாதி வாசித்துவிட்டு, “மாமா, மிச்சம் வேணாமே” என்றா. “வாசி பிள்ளை, படிச்சவன் எழுதினதெல்லோ” என்றேன்.

உன் கணக்குச் சரியோ பிழையோ, எனக்குத் தெரியாது. ஒன்றைத்தான் கேட்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரிலா உன் அம்மா செத்தாள்? வாவியில் நீந்தி வளர்ந்தவள்.

இனிக் கடிதம் போடாதே. வந்தாலும் வாசிக்கவேண்டாம் என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

கண்ட சாட்சி கேட்டாய். கபூர் போன நோன்பில் மௌத்தானான். அவனோடு தோணி வலித்த கந்தப்போடி அதற்கும் முந்திப் போய்விட்டான். அம்மா தோளில் ஏற்றி வளையில் இருத்திய பிள்ளை ஒன்று இருக்கிறது. அவள் தலை மறைந்ததைக் கண்டது அதுதான். கூரையைப் பிரித்து எடுத்தபோதும் வளையை விடமாட்டேன் என்று கிடந்ததாம். கண்டவர்களில் உயிரோடிருப்பது அந்த ஒருவன்தான். எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப்பார். பெயர், இராயப்பு பேர்னாட்.