உடைந்த பாலத்துப் பக்கம்

அன்பு மகள் எடுர்னேவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நீயும் மருமகனும் குட்டி மாய்த்தேயும் அந்த மான்ட்ரியல் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே எனக்கு முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்தன, ஒரு ஜோடியைக் கசில்தாவுக்குக் கொடுத்தேன், வாங்கி அதன் அளவைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்வதற்குப் பதிலாக எனக்கு இருப்பது மனுஷக் கால், கழுதைக் கால் இல்லை என்றாள். தன் யாத்திரைக்காரர் விடுதியை இந்தக் குளிர்காலத்தோடு மூடிவிடுவேன் என்று இருபது வருஷமாகச் சொல்வதை இந்த வருஷமும் சொல்கிறாள். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். மாய்த்தே பக்கத்தில் இருந்தால் அவளை விளையாட அனுப்பிவிட்டு உட்கார்ந்து படி.

போன மாதம் பதினான்காம் தேதி, மதியம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி நிமிர்வதற்குள் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. கோவில் வாசலில் நின்றால் எதிரே இருக்கிற பாலமே தெரியவில்லை. அக்கரையிலிருந்து வருகிறவர்களுக்குத் திசை தெரிவதற்காக மணி அடிப்பது நம் வீட்டு வேலையாயிற்றே, ஒரு மணி நேரம் போல அடித்தேன். கை ஓய்ந்து கயிற்றை விட்ட நிமிஷத்தில் மேற்கே உடைந்த பாலத்துப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அங்கே பாதி வளைவுதான் நிற்கிறது, கீழே பள்ளம் முழுக்க முள்புதர், நம் ஊரில் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கிருந்து ஒரு பெண்குரல், துலி, துலி, துலி என்று மூன்று முறை, நடுவில் மூச்சு வாங்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, மறுபடியும் மூன்று முறை. எடுர்னே, என்னை ஊரே ஒப்துலியா என்றுதான் கூப்பிடும். துலி என்று கூப்பிட்டவர் உன் அப்பா ஒருவர்தான், அதுவும் கதவு சாத்திய பிறகு. உனக்கே தெரிந்திருக்காது. இலை விழுந்தாலும் குரைக்கிற கசில்தாவின் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு கோவில் படியில் படுத்துவிட்டது.

கசில்தாவிடம் ஓடி, அடியே உனக்கும் கேட்குதா, இல்ல எனக்குத்தான் பைத்தியமா என்று கேட்டேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, கேட்குது, ஆனா பனியில பேர் சொல்லிக் கூப்பிட்டா போகக் கூடாதுடி என்றாள். வழி தவறாமலிருக்க நான் ஒரு நீளக் கயிற்றை இடுப்பில் கட்டுவதைப் பார்த்ததும், சரி நானும் வரேன், நீ தனியாப் போய்ச் செத்தா உன் கோழிகளை யாரு பார்க்கிறது என்று மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவள் புருஷன் பெனிட்டோவிடம், நாங்க திரும்பி வர்ற வரைக்கும் மணிய நிறுத்தாத, கை ஒடிஞ்சாலும் நிறுத்தாத என்று சொல்லிவிட்டுப் போனோம். முன்னால் நீட்டிய என் கை எனக்கே தெரியவில்லை. நாங்கள் நின்றால் குரல் கூப்பிடும், நடந்தால் அடங்கிவிடும்.

பள்ளத்துக்குள் ஒரு பெண் கிடந்தாள். ஹலினா என்று பெயர், போலந்துக்காரி, ஐம்பது வயதிருக்கும். சந்தியாகப்பர் யாத்திரை வழியில் இருக்கிற பழைய கோவில்களையும் பாலங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்துப் படம் வரைந்துகொண்டே தனியாக நடக்கிறாளாம். உடைந்த வளைவைக் கீழேயிருந்து வரைய இறங்கியவள் விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் முகத்தில் பயமே இல்லை. என்னைப் பார்த்ததும் அரைகுறை ஸ்பானிஷில், நீங்கதான் துலியா என்றாள். இந்தப் பேரை யாரு சொன்னதுன்னு கேட்டேன். இவ்வளவு நேரம் இங்க என் பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே, நீங்க வழியில பார்க்கலையா, தூங்கிடாத, துலியைக் கூப்பிடு, இன்னைக்கு அவ மணி அடிக்கிறான்னு சொல்லிக்கிட்டே இருந்தார் என்றாள். கசில்தா, காய்ச்சல்ல உளர்றா பாவம் என்று தன் போர்வையைக் கழற்றி அவள்மேல் போட்டாள். நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னைக்கு என்ற அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

இனி எழுதப்போவதை இருபத்தொரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. உனக்குப் பதினோரு வயது அப்போது. ஒரு டச்சுக்காரி யாத்திரை வந்து நாலு நாள் தங்கினாள், உன் அப்பா அவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். அன்று காலை அவளை அக்கரையில் மேற்கே போகிற பாதை வரைக்கும் கொண்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார், நான் வாய்க்கு வந்தபடி பேசினேன், அவர் சிரித்துக்கொண்டே, பைத்தியம், சாப்பாட்டுக்கு வந்துடுவேன் என்று போனார். மதியம் மூடுபனி இறங்கியது. நான் கோவிலுக்குள் போனேன், கயிற்றைப் பிடித்துக்கூடப் பார்த்தேன், நன்றாக அலையட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று விட்டுவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் வரவேயில்லை. மறுநாள் வெண்பனி கொட்டியது, அடுத்த நாலு மாதம் தரையில் உருகாமல் கிடந்தது. டச்சுக்காரியோடு ஓடிப்போய்விட்டான் என்று ஊர் சொன்னது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன், உன்னிடமும் அதையே சொல்லி வளர்த்தேன். மணி அடித்தாயா என்று காவலர்கள் கேட்டபோது, விடாமல் அடித்தேன் என்றேன். அது பொய்.

ஹலினாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மூன்றாம் நாள் வெயில் அடித்தது. பெனிட்டோவை அரிவாளோடு கூட்டிக்கொண்டு போய் அவள் கிடந்த இடத்துப் புதரை வெட்டச் சொன்னேன். அவள் தலை வைத்திருந்த கல்லுக்கு இரண்டு எட்டுத் தள்ளி, சரிந்த கற்களுக்கு அடியில் அவர் இருந்தார். இடுப்புவாரின் கொக்கி, நான் தைத்துக் கொடுத்த தோல்பை, அதற்குள் அவர் கத்தி. முகம் நம் ஊரைப் பார்த்தபடிதான் கிடந்தார். மணிச் சத்தம் இல்லாததால் எந்தப் பாலம் என்று தெரியாமல், ஆற்றோரமாக மேற்கே தள்ளிப் போய் உடைந்த பாலத்தில் ஏறிவிட்டார், பாவி மனுஷன். காவலர்கள் எலும்புகளைப் பாம்ப்லோனாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் கழித்துத் தருவார்களாம். ஆஸ்பத்திரியில் ஹலினாவைப் போய்ப் பார்த்து, அந்த மனுஷர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். யாரு, எந்த மனுஷர் என்றாள். எதுவுமே அவள் நினைவில் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் எழுந்து நின்று ஊருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். கசில்தா மட்டும் வீடுவரை கூட நடந்தாள், வாசலில் வைத்து, இதை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்டி என்று அழுதாள். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அவர்மேல் நீ வைத்திருந்த கோபம் மொத்தமும் என்னுடையது, அதை எனக்கே கொடுத்துவிடு. அடக்கத்துக்கு வருவாயானால் பாதிரியாரிடம் சொல்லித் தேதியை உனக்காகத் தள்ளிவைக்கிறேன், வரமாட்டேன் என்றாலும் ஒரு வரி எழுது. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தாத்தா எங்கே போனார் என்று மாய்த்தே கேட்டால், தெரியாது என்று இனிமேல் சொல்லாதே. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்று சொல்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா,
ஒப்துலியா